‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: வக்கீல் சார், கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் டீ பேக்டரியில் என் கணவர் 21 வருடமாக ட்ரையர் ஓட்டுகிறார். வயது 47, மாதச் சம்பளம் 15,600. நானும் அங்கேயே 8 வருடமாக பேக்கிங்கில் இருக்கிறேன். தினம் 400 ரூபாய், வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். பி.எஃப். பிடிப்பது அவருக்கு மட்டும்தான். மொத்தம் 42 பேர் வேலை செய்கிறோம். நஷ்டம் தாங்கவில்லை, அடுத்த மாதக் கடைசியோடு மூடுகிறோம் என்று மேனேஜர் வாயால் சொல்லிவிட்டார். அவருக்கு 1,20,000, எனக்கு 10,000 தருகிறோம் என்று டைப் செய்த ஒரு பேப்பரை நீட்டுகிறார்கள். ‘சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு விலகுகிறேன், எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை’ என்று அதில் இருக்கிறது. ஐந்தாறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பேக்டரி குவார்ட்டர்ஸில்தான் குடியிருக்கிறோம். மகள் பிளஸ் ஒன், மகன் எட்டாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. என் தம்பி எல்லோரும் திருப்பூருக்கு வந்துவிடுங்கள் என்கிறான். அவர் ராத்திரி தூங்குவதே இல்லை. என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், கோத்தகிரி வட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பேப்பர். நீங்களும் போடாதீர்கள், உங்கள் கணவரும் போட வேண்டாம். நாளைக்கு வாருங்கள், நாளன்றைக்கு வந்தால் தொகை குறைந்துவிடும் என்று அவசரப்படுத்தினாலும் போட வேண்டாம். குன்னூரில் தொழிலாளர் வழக்குகளே பார்த்துக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மலையில் வேலை இழந்து வருகிற குடும்பங்களில் பாதிப் பேருக்கு நான் செய்ய முடிகிற உதவி சுருங்கிப்போவது, என்னிடம் வருவதற்கு முன்பே இந்த ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வருவதால்தான்.

காரணம் இது. பேக்டரியை மூடுகிறவர் முதலாளி. நீங்கள் யாரும் வேலையை விடவில்லை. ஒரு நிறுவனம் மூடப்பட்டால், அங்கே ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்த ஒவ்வொருவருக்கும், ஆட்குறைப்பு செய்தால் என்ன தர வேண்டுமோ அதே நோட்டீஸும் அதே இழப்பீடும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இது இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. நீங்களாக ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது ராஜினாமா, ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. இரண்டு வரி டைப் செய்த அந்தப் பேப்பர் முதலாளிக்கு மிச்சப்படுத்துவது எவ்வளவு என்று பாருங்கள்.

உங்கள் கணவர் கணக்கை எடுத்துக்கொள்வோம். 15,600 என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்கிறேன். கிராஜுட்டி என்கிற பணிக்கொடைக்கு மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுக்க வேண்டும், நாளுக்கு 600 வருகிறது, வருடத்துக்கு 15 நாள் வீதம் 21 வருடத்துக்கு 1,89,000. அதற்கு மேல் மூடல் இழப்பீடு, அதுவும் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அதாவது மாதத்தில் பாதி 7,800, அதை 21 ஆல் பெருக்கினால் 1,63,800. ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தரவில்லை என்றால் அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் 15,600. மூன்றையும் கூட்டினால் 3,68,400. எடுக்காத லீவுக்கான சம்பளம், இந்த வருடத்துக்கான போனஸ், நிலுவைச் சம்பளம் இதில் சேரவில்லை, பி.எஃப். தனி. அவர்கள் நீட்டுவது 1,20,000. கிராஜுட்டிக்கே அது போதாது.

நஷ்டத்தில் மூடுகிறோம், அதனால் கொடுக்க முடியாது என்று சொல்வார்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் நேரடியாகவே பதில் இருக்கிறது. முதலாளியின் கைமீறிய, தவிர்க்கவே முடியாத சூழ்நிலையில் மூடினால் இழப்பீட்டை மூன்று மாதச் சராசரிச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் வெறும் பண நெருக்கடியோ நஷ்டமோ விற்காத சரக்குத் தேங்கியதோ அந்த விதிவிலக்கில் வராது என்று அங்கேயே விளக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள். டீத்தூள் விலை இறங்கிவிட்டது, குன்னூர் ஏலத்தில் மூட்டை நகரவில்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், அந்த உண்மையால் உங்கள் இழப்பீடு குறையாது.

அடுத்து உங்கள் கணக்கு. கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி எழுதியதில் பாதிகூட உங்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, 10,000 என்பதை ஏதோ அவர்கள் தருகிற உதவி போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பேக்கிங் பெண்கள் தினக்கூலி, அவர்களுக்கு ஒன்றும் கிடையாது என்று பேக்டரிகளில் சொல்லிச் சொல்லி அதைப் பெண்களே நம்பிவிட்டார்கள், எனக்கு இது ரொம்ப வருத்தம். தினக்கூலி என்பது சம்பளம் தருகிற முறை, அவ்வளவுதான். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான சர்வீஸ், வாரச் சம்பளமா வவுச்சரா என்று சட்டம் கேட்பதில்லை. கிராஜுட்டிக்கு ஐந்து வருடம் போதும், உங்களுக்கு எட்டு. 400 ரூபாய் வீதம் 15 நாள், 8 வருடம், 48,000. மூடல் இழப்பீடும் அதே கணக்கில் 48,000. ஆக 96,000, நோட்டீஸ் சம்பளம் வேறு. அப்புறம், 20 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உங்களுக்கும் பி.எஃப். பிடித்திருக்க வேண்டும், எட்டு வருடமாகப் பிடிக்காதது அவர்கள் செய்த தவறு, அதற்குத் தனியாகப் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பேக்டரி ஓடுகிற காலத்தில் கொடுத்தால் அதிகாரி வந்து ரெஜிஸ்டரைப் பார்ப்பார், பூட்டு விழுந்த பிறகு ரெஜிஸ்டர் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

எட்டு வருடம் வேலை செய்தேன் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று அவர்கள் கேட்பார்கள். இன்றைக்கே சேர்க்க ஆரம்பியுங்கள். வவுச்சர் நகல் கையில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கையெழுத்துப் போடும்போது போனில் ஒரு படம். பேக்டரி வாட்ஸப் குரூப்பில் நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சூப்பர்வைசர் போட்ட செய்திகள், ஆயுத பூஜைக்கு எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்த படங்கள், போனஸ் பணம் வங்கியில் விழுந்திருந்தால் அந்தப் பாஸ்புக் பக்கம், கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேரின் வாக்குமூலம், எதையும் சின்னது என்று ஒதுக்க வேண்டாம். செய்திகளை அழித்துவிடாமல் வேறு ஒரு போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

இனி எங்கே போவது என்பது. உங்கள் பேக்டரியில் 42 பேர்தான் என்பதால் மூடுவதற்கு அரசின் முன் அனுமதி தேவைப்படாது, 50 பேருக்கு மேல் இருந்தால் தர வேண்டிய 60 நாள் முன்னறிவிப்பும் பொருந்தாது. அதனால் நீங்களாகப் போய்ச் சொல்லாவிட்டால், இப்படி ஒரு பேக்டரி மூடியதே அரசாங்கத்துக்குத் தெரியாமல் போகும். குன்னூரில் இருக்கிற தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், கையெழுத்துப் போடாத எல்லோர் பெயரும் ஒரே மனுவில் இருக்கட்டும், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சேர்ந்த தேதி, வேலை, கடைசிச் சம்பளம். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்க வேண்டாம். சங்கம் இல்லையே என்று தயங்க வேண்டாம், இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. நீங்கள் பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, 1987-ம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அதைத் தருகிறது. ஊட்டியில் இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். என்னைப் போன்றவர்களுக்குக் கட்டணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

தொழிலாளர் அதிகாரி முதலாளியைக் கூப்பிட்டுப் பேசுவார். அங்கே முதலாளி, மொத்தமாக ஒரே நாளில் என்னால் முடியாது என்று சொன்னால், நான் உடனே சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். நீலகிரி டீயை அள்ளிக்கொண்டு போன சோவியத் நாடு 1991-ல் உடைந்ததிலிருந்து இந்த மலையில் பச்சைத் தேயிலை போடுகிற சிறு விவசாயியும் அதை வாங்கி அரைக்கிற பேக்டரிக்காரரும் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் வருகிறார்கள், நிஜமாகவே கடனில் மூழ்கியவர்களும் இருக்கிறார்கள். தவணைக்கு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் தொகை, தவணைத் தேதி, தவறினால் வட்டி, மிஷினை விற்றால் முதலில் யாருக்குப் பணம், இது அத்தனையும் அதிகாரி முன்னால் எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தமாக இருக்க வேண்டும், அது இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும். மேனேஜர் ரூமில் பேசி முடித்த பேச்சுக்கு அந்தப் பலம் கிடையாது. இடையில் ஏதாவது பணம் தந்தால் வாங்காமல் இருக்காதீர்கள். வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், ரசீதில் ‘வர வேண்டிய தொகையில் ஒரு பகுதியாக, எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1960-ல் தொடங்கி, 1967 முதல் பிலிம் தயாரித்த மத்திய அரசு ஆலை. டிஜிட்டல் வந்ததும் பிலிமுக்கே வேலை இல்லாமல் போனது, ஆலை பல வருடம் நோயாளியாகக் கிடந்தது. 2014-ல் மத்திய அமைச்சரவை கூடி, விருப்ப ஓய்வுக்கென்று 181.54 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அது போதுமா போதாதா என்று இன்றைக்கும் பேசலாம், ஆனால் அந்தத் தொழிலாளிக்குத் தன் பெயரில் ஒரு அரசாணை, ஒரு கணக்கு, ஒரு காகிதம் இருந்தது. கொடைக்கானலில் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தோடு வேலை செய்தவர்கள் நிறுவனத்தோடு உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது, அவர்கள் 591 பேர் ஒன்றாக நின்றதால் அது நடந்தது. உங்களைப் போல 42 பேர் இருக்கிற பேக்டரிக்கு எந்த அமைச்சரவையும் கூடாது, எந்தப் பத்திரிகையும் எழுதாது. அதனால்தான் காகிதம் காகிதம் என்று இவ்வளவு சொல்கிறேன்.

காகிதத்தில் இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது. ஒன்று, பி.எஃப். இதைப் பேக்டரி ஆபீஸில் ஆள் இருக்கும்போதே முடிக்க வேண்டும். உங்கள் கணவர் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று மத்திய அரசின் உமங் செயலியில் பாருங்கள். வேறுபாடு இருந்தால் திருத்தத்துக்கு முதலாளியின் ஒப்புதல் கேட்பார்கள், பேக்டரி பூட்டிய பிறகு அந்த ஒப்புதலுக்காக அலைகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன், ஒரு எழுத்துப் பிழைக்காகப் பல மாதம் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். 21 வருடத்தில் எந்த மாதமாவது பணம் கட்டாமல் விட்டிருக்கிறார்களா என்று பாஸ்புக்கில் பாருங்கள், சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டது நிறைய உண்டு. வேலையை விட்ட தேதியையும் காரணத்தையும் அவர்கள் பதிவு செய்வார்கள், அங்கேயும் ‘மூடல்’ என்று இருக்க வேண்டும்.

பி.எஃப்.பில் இருக்கிற பென்ஷன் பகுதியை எடுத்துத் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பத்து வருடம் தாண்டியவருக்கு அந்தப் பகுதியை மொத்தமாக எடுக்க வழியில்லை, அது மாதப் பென்ஷனாகத்தான் வரும். 58 வயதில் முழுதாக வரும். 50-லேயே கேட்கலாம், ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அந்த வெட்டு ஆயுள் முழுக்கத் தொடரும். அடுத்து எங்கே வேலைக்குப் போனாலும் பி.எஃப். கணக்குக்குத் தந்திருக்கிற அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள், புதிதாக ஒன்று திறக்க விடாதீர்கள்.

இன்னொன்று ஈ.எஸ்.ஐ., தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. நீங்கள் எழுதவில்லை, சம்பளச் சீட்டில் பிடித்திருந்தால், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் முதல் வருடம் சம்பளத்தில் பாதியும் இரண்டாம் வருடம் கால்வாசியும் உதவித்தொகையாகக் கேட்கலாம், அந்தக் காலத்தில் வைத்தியமும் உண்டு. ராஜினாமா என்று எழுதியவருக்கு இது கிடைக்காது. புதிய சட்டத்தில், ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் வேறு தொழில் கற்றுக்கொள்வதற்காக 15 நாள் சம்பளத்தை முதலாளி ஒரு நிதியில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும் என்றும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தொகை சின்னதுதான், உங்கள் கணவருக்கு 7,800 வரும், இருந்தாலும் மனுவில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கேளுங்கள்.

குவார்ட்டர்ஸ். கணக்கு முடியாமல் சாவியைக் கொடுக்க வேண்டாம், கொடுக்கிற அன்றைக்கு ரசீது வாங்குங்கள். ‘வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுட்டி’ என்று சொன்னால் அதையும் அதிகாரியிடம் சொல்லுங்கள். மகள் பிளஸ் டூ முடிக்கும் வரை குடியிருக்க விடுவது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகக் கேளுங்கள், மூடுகிற பேக்டரியின் லைன் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வரிசையில் நிற்கவில்லை, அதனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வீடு என்பது இந்த மலையில் பழைய பிரச்சினை. இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்காகவே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள், அங்கேயே தலைமுறையாக உழைத்தவர்களும் ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது போக இடமில்லாமல் நின்றார்கள். சொந்த வீடோ பட்டாவோ இல்லை என்றால் குடியிருப்புக்கான மனுவையும் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இப்போதே கொடுத்து வையுங்கள், இது வருடக்கணக்கில் ஆகிற விஷயம், வரிசையில் பெயர் இருக்கட்டும்.

திருப்பூர் பற்றி உங்கள் தம்பி அக்கறையோடுதான் சொல்கிறார், அங்கே வேலை கிடைக்கும் என்பதும் நிஜம். ஆனால் குடும்பத்தோடு உடனே இறங்குவதை நான் ஏற்கவில்லை. உங்கள் மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பன்னிரண்டாவது வரை அதை விடாமல் முடிக்க வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய், மருத்துவம், இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுவது, எல்லாமே அந்தத் தொடர்ச்சியில் நிற்கிறது. திருப்பூர் போன பதற்றத்தில் பக்கத்தில் இருக்கிற தனியார் பள்ளியில் ஒரு வருடம் சேர்த்துவிட்டால் அவ்வளவும் போகும். தமிழ்ப்புதல்வன் திட்டம் இருப்பதால் மகனுக்கும் இது பொருந்தும். போவதானால் முதலில் அவர் மட்டும் போய், தம்பி வீட்டில் தங்கி, பனியன் கம்பெனியின் சூடும் ஷிஃப்டும் 47 வயது உடம்புக்கு ஒத்துவருகிறதா, அறை வாடகையும் சாப்பாடும் போகக் கையில் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். ரேஷன் கார்டை மாற்ற அவசரமில்லை, தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம்.

போவதற்கு முன்னால் இங்கேயும் ஒரு தடவை முழுசாகத் தேடிப் பார்க்க வேண்டும். வேலை போன ஆண்கள் இந்த மலையில் முதலில் போய் நிற்பது ரிசார்ட் கேட்டில், வாட்ச்மேன் சீருடைக்கு. அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் 21 வருடம் ட்ரையரும் ஹீட்டரும் ஓட்டியவர், தூளைக் கையில் எடுத்து முகர்ந்தே ஈரப்பதம் சொல்லக்கூடியவர், மோட்டார் பெல்ட் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லக்கூடியவர், தன்னை ‘எனக்கு எதுவும் தெரியாது, எந்த வேலை இருந்தாலும் கொடுங்கள்’ என்று அறிமுகம் செய்துகொள்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. மேனேஜரிடம் அனுபவச் சான்றிதழ் கேளுங்கள், வெறும் ‘வேலை செய்தார்’ என்று இல்லாமல், எந்த மிஷின், எத்தனை வருடம், எத்தனை பேரை மேற்பார்வை பார்த்தார் என்று எழுதி வாங்குங்கள், இதைத் தர முதலாளிக்குக் காசு செலவில்லை. இன்ட்கோ கூட்டுறவு பேக்டரிகள், ஓடிக்கொண்டிருக்கிற தனியார் பேக்டரிகள், பெரிய ஹோட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பராமரிப்புப் பிரிவு, இவற்றில் அந்தச் சான்றிதழோடு போய்க் கேட்கலாம். பாய்லர் இருக்கிற இடங்களுக்குத் தேர்ச்சி பெற்ற அட்டெண்டன்ட் தேவை, அதற்கு அரசு தேர்வு தனி, படிக்க மனமிருந்தால் தகுதி என்ன என்று குன்னூர் அரசு ஐ.டி.ஐ.யில் விசாரிக்கட்டும். செய்த வேலைக்கே சோதித்துச் சான்று தருகிற முன்அனுபவ அங்கீகாரத் திட்டமும் இருக்கிறது, அதையும் அங்கேயே கேளுங்கள்.

நீங்கள் இடைக்காலத்தில் சிறு விவசாயிகள் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போவீர்கள் என்று நினைக்கிறேன், அப்படியானால் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 18 முதல் 60 வயது வரை, பதிவு இலவசம், பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகையும் பிறகு ஓய்வூதியமும் உண்டு. பேக்டரியில் பி.எஃப். இருக்கிற வரை கேட்டிருக்க முடியாத விஷயம் இது உங்கள் கணவருக்கு, இனி அவரும் கேட்கலாம்.

பணம் கைக்கு வரும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள். மூன்று நான்கு லட்சம் ஒரே நாளில் வந்து விழுந்தால் ஊரே ஆலோசனை சொல்லும், டாக்சி எடு, ஹோம்ஸ்டே லீசுக்கு எடு, மாதம் இவ்வளவு வட்டி தருகிற பைனான்ஸில் போடு என்று. சீசன் இரண்டு மாதம் நன்றாகப் போய் மீதி பத்து மாதம் டயூ கட்ட முடியாமல் வண்டியை பைனான்ஸ்காரர் ஓட்டிக்கொண்டு போனதை இந்த ரோட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் ஆறு மாதம் எதிலும் போட வேண்டாம். வாரத் தவணை கட்டுகிற குழுக்கடன் இருந்தால் அதை முதலில் அடையுங்கள், நகை அடகில் இருந்தால் அதை மீளுங்கள், ஒரு வருட வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டு அதைத் தபால் ஆபீஸிலோ அரசு வங்கியிலோ இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு பேர் பெயரிலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், அதில் உங்கள் உழைப்பும் இருக்கிறது. தொழில்தான் செய்ய வேண்டும் என்றால் சேமிப்பு முழுவதையும் கொட்டாமல், ஊட்டி மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கிடைக்கிற கடன் என்னென்ன என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

அவர் தூங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடமாக இரவு ஷிஃப்ட் பார்த்த உடம்பு என்பது ஒரு காரணம், இன்னொன்று, பேக்டரி மூடப்போவதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டிருப்பார். குன்னூருக்கு மனு கொடுக்கப் போகும்போது அவரையே முன்னால் நிறுத்துங்கள், 42 பேர் கணக்கையும் நோட்டில் எழுதுகிற வேலையை அவரிடம் கொடுங்கள். கையில் வேலை இருந்தால் அந்த மனிதருக்குப் பாதி பாரம் குறையும் என்று நம்புகிறேன். குடி கூடினாலோ, நான் இருந்து என்ன பயன் என்பது போலப் பேசினாலோ, வெட்கப்படாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட அந்த ஐந்தாறு பேர். அவர்களை ஒதுக்காதீர்கள், கூட்டி வாருங்கள். ஐந்து வருடம் முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் கிராஜுட்டி உண்டு, ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று எழுதி வாங்கியிருந்தாலும் அந்த உரிமை போகாது, பி.எஃப். பணமும் அப்படித்தான். 30 நாளுக்குள் கிராஜுட்டி தராவிட்டால் வட்டியோடு கேட்டு அதே தொழிலாளர் அலுவலகத்தில் மனு போடலாம். இழப்பீடு கடினம், ஆனால் பேக்டரியை மூடப்போகிறோம் என்று சொல்லித்தான், அச்சடித்த ஒரே மாதிரிப் பேப்பரில், ஒரே வாரத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள் என்று காட்ட முடிந்தால் அது விருப்பப்பட்டுக் கொடுத்த ராஜினாமா இல்லை என்று வாதாடலாம். உங்களிடம் நீட்டிய அந்த நிரப்பாத பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள், அவர்களுக்கு அதுதான் முதல் சாட்சி.